உறியிலிருந்து உறைபெட்டி வரை

மனிதன் உணவைத் தேடக் கற்றதற்கு அடுத்தபடியாகக் கற்ற பெருங்கலை, தேடிய உணவைக் கெடாமற் காக்கும் கலையே எனலாம். அரசர் ஆண்ட கதையும் போர் நடந்த கதையும் நூல்களில் விரிவாக இருக்கின்றன. நம் அன்னையர் அடுக்களையில் ஆண்ட கதையை எழுதுவார் அரியர். சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அக்கதையின் ஒரு பகுதியையேனும் எழுதிவைப்பது பயனுடையதென்று கருதுகின்றோம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நாம் வாழும் பாலாநகரின் அண்டைப் பேட்டை, இந்நாட்டுக் குளிர்ப்பெட்டி வரலாற்றில் இடம்பெற்ற பேட்டையாகும் என்பது ஒன்று. நம் சங்கத்து விருந்து ஒன்றில் நாம் செய்த பிழை மற்றொன்று. அப்பிழையை மறைக்காமல் உரிய இடத்திற் கூறுவோம்.

தாயகத்துக் காவல் முறைகள்

குளிர்ப்பெட்டி நம் நாட்டிற்கு வருமுன் நம் முன்னோர் உணவைக் காக்க வழியறியாது இருந்தவர் அல்லர். வெயில், உப்பு, புளிப்பு, எண்ணெய், புகை ஆகிய ஐந்தும் அவர்களுக்குத் துணை நின்றன. கத்தரியும் சுண்டையும் மணத்தக்காளியும் வற்றலாயின. மோரில் ஊறிய மிளகாய் மாடியில் உலர்ந்தது. கூழ் வடகமாயிற்று. மாங்காயும் எலுமிச்சையும் நாரத்தையும் உப்பிற் கிடந்து ஊறுகாயாயின. மீன் கருவாடாயிற்று, இறைச்சி உப்புக்கண்டமாயிற்று. கொட்டை நீக்கிய புளி, உப்புத் தூவிப் பானையில் அடைக்கப்பெற்று ஆண்டுக் கணக்கில் இருந்தது. நெல் குதிரில் இருந்தது. துவரை செம்மண் பூசி உலர்த்தப்பெற்றது. தானியத்தினிடையே வேப்பிலையும் நொச்சியிலையும் காவல் இருந்தன.

இவற்றின் அடியில் உள்ள உண்மை ஒன்றே. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே உணவைக் கெடுக்கின்றன. அவை வாழ ஈரமும் இளஞ்சூடும் வேண்டும். வெயில் ஈரத்தை நீக்குகிறது. உப்பு ஈரத்தை ஈர்த்துக்கொள்கிறது. புளிப்பு பெரும்பாலான தீய உயிர்களை வளரவொட்டாமல் தடுக்கிறது. நுண்ணுயிர்களின் செயலைப் பாஸ்டர் பெருமகனார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கிக் காட்டினார். நம் பாட்டியர் அவற்றின் பெயரறியாமலே அவற்றை வென்று வாழ்ந்தனர்.

பழைய சோற்றையே எடுத்துக்கொள்வோம். இரவு மிகுந்த சோற்றில் நீரூற்றிவைப்பதனால் சோறு விரைவில் ஆறுகிறது. பின் அந்நீரில் இலேசான புளிப்பு உண்டாகிறது. விடிந்தவுடன் அதை மோரும் உப்பும் சேர்த்து உண்டுவிடுவர். அடுத்த நாளுக்கென்று வைப்பதில்லை. காத்தல் எத்துணை முக்கியமோ அத்துணை முக்கியம் காலம் அறிந்து உண்ணுதல் என்பதை அவ்வழக்கம் நமக்குப் புகட்டுகிறது.

சமைத்த பண்டத்திற்கோ உறி இருந்தது. கூரையிலிருந்து தொங்கிய அந்தக் கயிற்று வலையில் பாலும் தயிரும் வெண்ணெயும் எறும்புக்கும் பூனைக்கும் எட்டாமல் காற்றோட்டத்தில் இருந்தன. அருகே மணற்பரப்பின்மேல் மண்பானையில் தண்ணீர் குளிர்ந்தது. பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. அதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. இக்காலத்துக் குளிர்ப்பெட்டியின் அடிப்படையும் இதுவே என்றால் வியப்பாக இருக்கும். அங்கும் ஒரு நீர்மம் குழாயினுள் ஆவியாகிப் பெட்டியின் உள்வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அந்த ஆவியை ‘கம்ப்ரஸர்’ அழுத்துகிறது. அது பின்புறக் குழாயில் தன் வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் நீர்மமாகிச் சுழன்று வருகிறது. பானை தன் நீரை இழக்கிறது, பெட்டி இழப்பதில்லை. வேறுபாடு அவ்வளவே.

பனிக்கட்டி கப்பலேறி வந்த கதை

இந்நாட்டிற்குக் குளிர் முதன்முதலில் வாணிகப் பண்டமாகக் கப்பலில் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடெரிக் டியூடர் என்பார், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, வெப்ப நாடுகளுக்கு விற்கத் துணிந்தார். 1833-ஆம் ஆண்டு மே மாதம் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நான்கு மாதங்கள் கடந்து செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது அதில் ஏறக்குறைய 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது. நிலநடுக்கோட்டை இருமுறை தாண்டி வந்த பனிக்கட்டி அது! மரத்தூள் போன்ற, வெப்பம் கடத்தாப் பொருள்களின் நடுவே பாளங்களை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கியதே அந்த அருஞ்செயலின் இரகசியம்.

சென்னையிலும் 1842-இல் கடற்கரையோரம் டியூடர் நிறுவனத்தாருக்கெனப் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்று எழும்பியது. அதுவே நாமெல்லாம் அறிந்த ‘ஐஸ் ஹவுஸ்’. பின்னாளில் இயந்திரத்தாலேயே பனிக்கட்டி செய்யும் முறை இங்கு வந்ததும், கப்பற் பனிக்கட்டி வாணிகம் நலிந்தது. அக்கட்டடத்தைப் பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞர் வாங்கினார். 1897 பிப்ரவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்த அடிகள் அங்கே தங்கினார். அவருடைய உடன்துறவியாரான இராமகிருஷ்ணானந்தர் அங்கிருந்தே தம் திருப்பணியைத் தொடங்கினார். 1917-இல் அரசாங்கம் அதனை வாங்கியபின், சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் இளங்கைம்பெண்களுக்கு அங்கே இல்லம் நடத்தினார். 1963-இல் அதற்கு ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயர் சூட்டப்பெற்றது. ஆயினும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் பெயர் மக்கள் நாவில் நின்றுவிட்டது. பண்டம் உருகிப் போயிற்று, பெயர் உருகவில்லை.

கப்பலிலிருந்து வீட்டுப் பெட்டிக்கு

இயந்திரக் குளிரின் வரலாறு நீண்டது. 1748-இல் ஸ்காட்லாந்து நாட்டு வில்லியம் கல்லன், நீர்மத்தை ஆவியாக்கிக் குளிர் உண்டாக்கிக் காட்டினார். 1834-இல் ஜேகப் பெர்க்கின்ஸ், ஆவியை அழுத்திச் சுழலவிடும் இயந்திரத்திற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஜெர்மானியரான கார்ல் வான் லிண்டே 1870-களில் அம்மோனியாவைக் கொண்டு இயங்கும் சிறந்த இயந்திரங்களை அமைத்தார். அவை சாராய ஆலைக்கும் இறைச்சிக் கிடங்குக்கும் பயன்பட்டனவேயன்றி வீட்டினுள் நுழையவில்லை. 1922-இல் ஸ்வீடன் நாட்டு மாணவர் இருவர், வான் பிளாட்டன், முண்டர்ஸ் என்போர், வெப்பத்தைக் கொண்டே குளிர் உண்டாக்கும் பெட்டியை அமைத்தனர். மின்சாரம் எட்டாத ஊர்களில் மண்ணெண்ணெய் விளக்கால் இயங்கிய குளிர்ப்பெட்டிகள் அவ்வழியில் வந்தவையே. 1927-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட ‘மானிட்டர் டாப்’ என்னும் பெட்டி பல்லாயிரம் இல்லங்களில் இடம்பெற்றது.

முதலில் பெட்டிகளில் இருந்த வாயுக்கள் நச்சுத் தன்மை உடையவை. ஆதலால் 1928-இல் கண்டறியப்பெற்ற ‘பிரியான்’ வகை வாயுக்களை உலகம் வரவேற்றது. அவை மனிதரை வருத்தவில்லை. ஆனால் வானத்து ஓசோன் மண்டலத்தை அரித்தன. 1987-இல் மான்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்து, அவ்வாயுக்களைப் படிப்படியாக நீக்க முடிவு செய்தன. ஒரு நன்மையினுள் ஒரு தீமை ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கும், அறிந்தபின் திருத்திக்கொள்ள இயலும் என்பதற்கும் இவ்வரலாறு சான்று.

உறைபெட்டியின் கதை வேறு. கிளாரன்ஸ் பர்ட்ஸை என்னும் அமெரிக்கர், வடகோடியில் உள்ள லாப்ரடார் பகுதியில் 1912 முதல் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அங்குள்ள மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறைந்துபோவதையும், பல நாள் கழித்துச் சமைத்தாலும் புதுமீனின் சுவை குன்றாதிருப்பதையும் கண்டார். மெல்ல உறைந்தால் பண்டத்தினுள் பெரிய பனித்துகள்கள் தோன்றித் தசையைக் கிழிக்கும், விரைந்து உறைந்தால் துகள்கள் சிறியனவாக இருக்கும், தசை சிதையாது. இவ்வுண்மையைக் கொண்டு 1920-களில் விரைவு உறையல் தொழிலை அவர் வளர்த்தார். வீட்டு உறைபெட்டியில் பண்டத்தைச் சிறு சிறு பொட்டலமாக, தட்டையாக வைக்க வேண்டும் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

அண்டைப் பேட்டையின் ஆலை

இனி நம் ஊருக்கு வருவோம். பாலாநகரும் சனத்நகரும் தோளோடு தோள் நிற்கும் தொழிற்பேட்டைகள். 1965-இல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் பிரிவும், 1968-இல் மத்தியக் கருவி வடிவமைப்பு நிலையமும், சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்த ஐ.டி.பி.எல். மருந்து ஆலையும் பாலாநகருக்குப் புகழ் தேடித் தந்தன. பிட்டராகவும் டர்னராகவும் வரைவாளராகவும் கணக்கராகவும் தமிழர் பலர் இப்பக்கம் வந்து குடியேறியது இத்தகைய ஆலைகளை நம்பியே. ஊறுகாய் ஜாடியும் இட்லிக் கொப்பரையும் ஆட்டுக்கல்லும் அவர்களோடு இரயிலேறி வந்தன.

இவற்றுக்கெல்லாம் மூத்தது சனத்நகர் ஆல்வின் ஆலை. நிஜாம் ஆட்சிக் காலத்தில் 1942-இல், சமஸ்தானத்துத் தொழில் நிதியும் அலாவுதீன் கம்பெனியாரும் கூடி ஆல்வின் மெட்டல் ஒர்க்ஸ் என்னும் பெயரில் அதனைத் தோற்றுவித்தனர். எஃகு நாற்காலி, அலமாரி, பஸ்ஸின் மேற்கூடு என்று பல செய்த அந்த ஆலை, பின்னர் குளிர்ப்பெட்டியும் செய்யலாயிற்று. 1958-இல் பம்பாயில் கோத்ரெஜ் நிறுவனத்தார் குளிர்ப்பெட்டி செய்யத் தொடங்கியதையும் இங்கே நினைவுகூர வேண்டும். இறக்குமதிப் பொருளாகச் செல்வர் மாளிகையில் மட்டும் நின்ற பெட்டி, இந்நாட்டுத் தொழிலாளர் கைபட்டு நடுத்தரக் குடும்பங்களின் கூடத்திற்கு வந்தது. ஆம், கூடத்திற்குத்தான்! அக்காலத்தில் குளிர்ப்பெட்டியை அடுக்களையில் ஒளித்துவைப்பார் உண்டோ? வருவோர் காணும் இடத்தில், மேலே பூவேலைத் துணி விரித்து நிறுத்துவதே வழக்கம்.

‘ஹைதராபாத் ஆல்வின்’ என்னும் பெயர் இந்தியா முழுதும் இல்லங்களிற் புழங்கியது. ஆனால் காலம் மாறிற்று. 1990-களில் அதன் குளிர்ப்பெட்டிப் பிரிவு வோல்டாஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பழைய ஆல்வின் மறைந்தது. கூகட்பள்ளிப் பக்கத்தில் ‘ஆல்வின் காலனி’ என்னும் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. சென்னையில் ஐஸ் ஹவுஸைப் போல இங்கும் தொழில் கரைந்தது, பெயர் கரையவில்லை. அவ்வூர்ப் பெயரைப் பேருந்தின் நெற்றியிற் காணும்போதெல்லாம், தகட்டை வளைத்துக் கதவு பூட்டிய கைகளை நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

குளிர்ப்பெட்டியை அன்றி உணவையே ஆராயும் பெருநிறுவனம் ஒன்றும் இந்நகரில் உண்டு. 1918-இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1969-இல் அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்திற் பிறந்த மருத்துவ அறிஞர் சி. கோபாலன் அதனை இயக்கி உலகப் புகழ் பெறச் செய்தார். தமிழகத்து மலையில் பிறந்து தக்கணத்தில் வந்து தழைத்த அந்நிறுவனமும் ஒருவகையில் நம்மைப்போன்ற குடியேறியே என்று பெருமை கொள்ளலாம்.

நாம் செய்த பிழை

இத்துணைப் பெருமை சூழ்ந்த ஊரில் வாழ்ந்தும், குளிர்ப்பெட்டியை ஆளும் முறையை நாம் அறியாதிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விருந்தில் சாம்பார் சாதம் பெரிதும் மிகுந்துவிட்டது. வீணாக்க மனம் வரவில்லை. ஆவி பறக்கும் சாதத்தைப் பெரிய பாத்திரத்தில் அழுத்தி நிரப்பி, மூடி, அன்பர் ஒருவர் இல்லத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தோம். மறுநாட் காலை சூடாக்கிப் பல வீடுகளுக்கும் பகிர்ந்தளித்தோம். நண்பகலுக்குள் குழந்தைகள் சிலர் வாந்தி எடுத்தனர். இறையருளால் மாலைக்குள் அனைவரும் தேறினர். ஆயினும் நம் கையால் இட்ட சோறு பிள்ளைகளை வருத்தியதே என்ற வேதனை எங்கள் நெஞ்சைவிட்டு இன்னும் அகலவில்லை.

நடந்தது என்ன? சோற்றில் வாழும் ஒருவகை நுண்ணுயிரின் வித்து கொதியிலும் சாவதில்லை. பாத்திரத்தின் விளிம்பு குளிர்ந்தாலும் நடுப்பகுதி பல மணி நேரம் இளஞ்சூடாகவே இருந்திருக்கும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பமே நுண்ணுயிர்களுக்குத் திருவிழாக் காலம். இருபது நிமிடத்துக்கொருமுறை இரட்டிக்கும் உயிர் ஒன்று, ஏழு மணி நேரத்தில் இருபது இலட்சத்தைத் தாண்டிவிடும். அவை கக்கிய நஞ்சோ மறுநாள் சூடாக்கியதால் அழிவதன்று. குளிர்ப்பெட்டியைக் குறைகூறிப் பயனில்லை. அதனிடம் இயலாத வேலையைக் கொடுத்த குற்றம் நம்முடையதே.

இல்லத்தார் கைக்கொள்ள வேண்டியவை

அன்று முதல் நாம் கற்று ஒழுகுகின்ற முறைகளை இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

குளிர்ப்பெட்டியின் உள்ளே 4 பாகை செல்சியஸ் அளவும், உறைபெட்டியில் சுழிக்குக் கீழ் 18 பாகையும் இருத்தல் வேண்டும். சிறு வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்தல் நலம். குளிர் நுண்ணுயிர்களை உறங்கவைக்கிறதேயன்றிக் கொல்வதில்லை. வெளியே எடுத்தவுடன் அவை விழித்துக்கொள்ளும்.

சமைத்த உணவை அகன்ற தட்டங்களில் மெல்லிய பரப்பாகப் பிரித்து, ஆவி அடங்கியதும் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்னும் பழமொழி மிகுந்த உணவுக்கும் பொருந்தும். சோற்றையோ மறுநாளே முடித்துவிடுவது நன்று. சாம்பாரையும் குழம்பையும் வேண்டிய அளவு மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். பாத்திரம் முழுவதையும் நாள்தோறும் சூடாக்கிக் குளிர்வித்தல் தீங்கு. தேங்காய்ச் சட்டினியை அன்றே முடித்துவிடுதல் உத்தமம்.

பச்சை மீனும் இறைச்சியும் மூடிய பாத்திரத்தில் அடித்தட்டிலே இருக்க வேண்டும். மேலே வைத்தால் அவற்றின் நீர் சொட்டி, சமைத்த பண்டத்தைக் கெடுக்கும். பால் கதவுத் தட்டில் இருத்தல் ஆகாது; கதவு திறக்கும்தோறும் வெப்பம் தாக்கும் இடம் அது. இட்லி மாவு வெளியே புளித்தபின் உள்ளே வைப்பதற்குரியது. அங்கும் அது மெல்லப் புளித்துக்கொண்டே இருக்குமாதலால் பாத்திரத்தில் மேலிடம் விட்டு வைக்கவும். ஒரு வேளைக்கு வேண்டியதைத் தனியே எடுத்துக்கொண்டு, எஞ்சியதை உடனே உள்ளே வைக்கவும். கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் ஈரம் துடைத்துத் துணியிற் சுற்றியிருந்தால் நெடுநாள் வாடா. வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் வெளியே காற்றாட இருத்தலையே விரும்புவன.

உறைபெட்டியில் துருவிய தேங்காய், உரித்த பட்டாணி, மீன் முதலியவற்றை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக, நாள் குறித்து வைக்க வேண்டும். இரவெல்லாம் அடுப்பு மேடையில் வைத்து உருகவிடும் வழக்கம் தவறு. முதல் நாளே கீழறைக்கு மாற்றி மெல்ல உருகவிடுதல் முறை.

மின்சாரம் நின்றால் கதவைத் திறவாதிருத்தலே முதற் கடமை. மூடிய குளிர்ப்பெட்டி சுமார் நான்கு மணி நேரம் குளிர் காக்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் தாங்கும். நெருங்கியிருக்கும் பனி ஒன்றையொன்று காக்கிறது. டஸ்கனிக் கப்பல் காட்டிய பாடமும் அதுவன்றோ? ஆயின் கீழறையின் நிலை வேறு. அங்கே காற்று உலவ இடம் வேண்டும். அதை மூட்டையடைத்தாற்போல் திணித்தல் கூடாது.

முடிவுரை

குளிர்ப்பெட்டி வந்தபின் நம் இல்லங்களில் ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது. முன்னாளில் மாலையில் மிகுந்த குழம்பு அன்றிரவே அண்டை வீட்டிற்குப் போகும்; அங்கிருந்து ஆவக்காயோ கோங்குராத் துவையலோ அதே கிண்ணத்தில் திரும்பும். தெலுங்கு நாட்டு அன்பர்களோடு நம் உறவு வளர்ந்தது பெரும்பாலும் அந்தக் கிண்ணத்தின் வழியேதான். இன்று மிகுந்தது பெட்டியினுள் போகிறது. நான்கு நாள் மறந்து கிடந்து பின் குப்பைக்குப் போகிறது. காப்பதற்கென்று வந்த கருவி, கொடுப்பதை மறக்கச் செய்தல் ஆகுமா?

ஆதலின் இவ்வாண்டு முதல் சங்க விருந்தில் ஓர் ஒழுங்கு கடைப்பிடிக்க உறுதி பூண்டுள்ளோம். பந்தி முடிந்ததும் மிகுந்ததைச் சிறு பாத்திரங்களிற் பிரித்து, அந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே, சூடு ஆறுமுன் உண்ணத்தக்கவர்க்கு வழங்கிவிடுவோம். எஞ்சும் சிறிதளவே பெட்டிக்குச் செல்லும்.

உறி மறைந்தது. ஐஸ் ஹவுஸின் பனிக்கட்டி மறைந்தது. ஆல்வின் ஆலையும் மறைந்தது. உண்பார்க்குத் தீங்கு நேராமல் உணவிட வேண்டும் என்னும் அன்னையர் கவலை மட்டும் மறையாமல் வழிவழி வருகின்றது. அக்கவலையை நாமும் ஏற்றுப் போற்றுவோமாக. சங்கம் வளர்க! அதன் அடுப்பு என்றும் அணையாதிருக்க!